எக்ரெம் வீட்டு மூன்றாம் காப்பி

ருஸ்மிருக்கு உட்காரத் தெரியாது. எங்கள் பொஸ்னிய ஊரான ஸாவிதோவிச்சியில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், கால்பந்தில் அவன் அடித்த கோல்களின் கதையெல்லாம் அப்புறம்தான். முடிவெட்டும் நாற்காலியில்கூட அவன் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். “ஆடாதடா, காது போச்சுன்னா நான் பொறுப்பில்ல” என்று முடிவெட்டுகிறவர் ஒவ்வொரு தடவையும் கத்துவார். கல்யாண வீட்டில் சூப்பு வரும்போது உட்காருவான், இறைச்சி வருவதற்குள் வாசலில் நின்று புகைத்துக்கொண்டிருப்பான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரியே ஐம்பது வயதை நெருங்கிவிட்டான், பாவி.

ஆடுகளத்தில் அது நல்ல குணம்தான். நிற்கத் தெரிந்தவன் ஃபார்வர்டு ஆடி என்ன பிரயோஜனம்? போர் அவனுடைய நல்ல வருஷங்களைத் தின்றுவிட்டது. அதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை பேசப் போவதில்லை, எங்களைப் பார்த்தாலே எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அது ஓய்ந்தபிறகு ஊர்க் கிளப்புக்கு ஆடினான். சரயேவோவிலிருந்து வந்த பெரிய கிளப் ஒன்றுக்கு எதிராக, முழங்கால் சேற்றில், தலையால் ஒரு கோல் போட்டான். அந்தக் கோலை நேரில் பார்த்தேன் என்று சொல்கிற அத்தனை பேரும் அன்றைக்கு வந்திருந்தால் மைதானமே இடிந்து விழுந்திருக்கும்.

அப்புறம் ஸ்லோவேனியா, துருக்கி, ஆஸ்திரியா. எங்கேயும் ஒட்டவில்லை. துருக்கியில், புர்ஸாவில், ஒரு நாள் கோச் அவனை ஆடவிடாமல் வெளியே உட்காரவைத்தார். அன்று மாலையே பெட்டியைக் கட்டிவிட்டான். அந்த மனுஷர் அடுத்த வாரம் வரும் கோப்பை ஆட்டத்துக்காக அவனுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்! விஷயம் தெரிந்தபோது ருஸ்மிரின் பஸ் பல்கேரியாவைத் தாண்டியிருந்தது. “திரும்பிப் போயேன்யா” என்று அவன் மனைவி ஸும்ரா போனில் அழுதாள். போகவில்லை. துரை முன்வைத்த காலைப் பின்வைக்க மாட்டாராம்.

போ என்று எவனாவது சொல்வதற்குள் தானே போய்விட வேண்டும். அவனுடைய ரோஷம் இவ்வளவுதான். எங்கள் ஊரில் வீம்பு தாய்ப்பாலிலேயே கலந்து வருகிறது, இவனுக்கு மட்டும் ஒரு மிடறு அதிகமாகப் போய்விட்டது.

அப்படிப்பட்டவன் ஊருக்குத் திரும்பி, கிளப்பின் சின்னப் பையன்களுக்குக் கோச்சாக வந்தபோது, ஒரு சீசன் தாங்கமாட்டான் என்று காப்பிக்கடையில் பந்தயம் கட்டினார்கள். பந்தயம் கட்டியவர்கள் தோற்றார்கள். மூக்கு ஒழுக வந்த பையன்களுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது, ருஸ்மிர் இன்னும் இருந்தான். மழையில் நின்றான், பனியைத் தள்ளினான், எல்லைக் கோட்டோரம் ஓடி ஓடிப் பையன்களைவிட அதிகமாக வேர்த்தான். “இந்தப் பசங்கள விட்டுட்டா நான் செத்துருவேன் ஸும்ரா” என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டான். சொன்ன வெட்கத்தில் எழுந்து, குளிர்காலம் என்றும் பாராமல் ஜன்னலைத் திறக்கப் போனான். குளிர்காற்றுப் பட்டால் எல்லோரும் சாகப்போகிறோம் என்று ஸும்ரா கத்தினாள்.

அந்த வருஷம் வசந்தத்தில் அர்மின் வந்து சேர்ந்தான். சரயேவோவில் படித்து, கோச் லைசென்ஸ் வாங்கியவன், இருபத்தெட்டு வயது. கழுத்தில் விசில், கையில் டேப்லெட், காரின் பின்பக்கம் நிறையப் பயிற்சிக்கு வைக்கிற வண்ண வண்ணக் கோன்கள். கிளப்பின் தலைவர் எக்ரெம்தான் கூட்டிவந்தார். எக்ரெம் ஊரில் நாற்காலி, மேசை செய்கிற பட்டறைக்காரர், ருஸ்மிருடன் ஒரே பெஞ்சில் படித்தவர். “சும்மா பாத்துட்டுப் போகட்டும்” என்று மட்டும் சொன்னார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த காப்பிக்கடைக்கு அவல் கிடைத்துவிட்டது.

“என்ன ருஸ்மிர், ஒனக்கு ஓய்வு குடுக்கறாங்களாமே?”

“எவன் சொன்னான்?”

“யாரும் சொல்லல. ஒன் மொகமே சொல்லுது.”

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தட்டில் ஸும்ரா வைத்த உருளைக்கிழங்குப் பீத்தா ஆறிப்போனது. பயிற்சியில் அர்மின் தூரத்தில் நின்று டேப்லெட்டில் எதையோ தட்டினால், தன் கழுத்துக்குத்தான் சுருக்குப் போடுகிறான் என்று நினைத்தான். வெள்ளிக்கிழமை எக்ரெம் போன் செய்தார். “நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வா. அடுத்த சீசன் பத்திப் பேசணும்.”

“முடிஞ்சுது” என்றான் ருஸ்மிர்.

“என்ன முடிஞ்சுது? பேசணும்னுதானே கூப்பிடறாரு” என்றாள் ஸும்ரா. “போ, உக்காரு. அவரு சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்காத. ஒரே ஒரு தடவ, எனக்காக.”

போனான். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, விருந்தாளிகளுக்கென்று அந்த வீட்டில் வைத்திருந்த கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தான். எக்ரெமின் மருமகள் எல்மா காப்பி கொண்டுவந்தாள். கல்யாணமாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண். செம்புக் கெண்டியிலிருந்து கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்தில் ஒரு துண்டு லோக்கும் மிட்டாய் வைத்தாள். எக்ரெம் கூரையைப் பற்றிப் பேசினார். ஓடு எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று விவரமாகச் சொன்னார். இரண்டாவது காப்பி வந்தது. எக்ரெம் தன் இடுப்பு வலியைப் பற்றிப் பேசினார். ருஸ்மிரின் கால் கம்பளத்தைத் தட்டத் தொடங்கியது. எக்ரெம் வேண்டுமென்று இழுக்கவில்லை. எங்கள் ஊரில் விஷயத்தை எடுத்த எடுப்பில் சொல்கிறவன் ஒன்று வரி வசூலிக்க வந்தவன், இல்லாவிட்டால் ஜெர்மன்காரன்.

“அப்புறம் ருஸ்மிர், அந்தப் பசங்க விஷயம்” என்று கடைசியில் ஆரம்பித்தார் எக்ரெம். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பட்டறையிலிருந்து. “ஒரு நிமிஷம்” என்று எழுந்து அடுத்த அறைக்குப் போனார்.

அவர் போனதும் எல்மா வந்தாள், கையில் தட்டுடன். தட்டில் காப்பி.

மூன்றாவது காப்பி.

இதை ஒரு குழந்தைகூடச் சொல்லும். முதல் காப்பி வரவேற்க. இரண்டாவது பேச. மூன்றாவது வந்தால் குடித்துவிட்டு எழுந்து நடையைக் கட்ட வேண்டும். அதற்கு ‘விரட்டுக் காப்பி’ என்றே பெயர். வீட்டுக்கு வந்தவரைப் போ என்று வாயால் சொல்லமாட்டோம், அவ்வளவு மரியாதைக்காரர்கள் நாங்கள்.

ருஸ்மிரின் காது இரண்டும் எரிந்தன. எக்ரெம் திரும்பி வந்தபோது அவன் நடுக்கூடத்தில் நின்றிருந்தான்.

“நல்லது எக்ரெம். புரிஞ்சுது.”

“என்ன புரிஞ்சுது?”

“நாளைக்கு மேட்ச்ச ஒன் அர்மினே பாத்துக்கட்டும். நான் வரல. நாளைக்கு மட்டுமில்ல, இனிமே எப்பவுமே வரல.”

“டேய், நான் இன்னும் ஒண்ணுமே...”

“வாயால சொல்ற தைரியம்கூட ஒனக்கு இல்ல! பொம்பளப் புள்ள கையில குடுத்தனுப்பறியே, த்தூ!”

அந்தத் ‘த்தூ’தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒருவன் வீட்டுக்குள் நின்றுகொண்டு, அவன் மருமகள் எதிரில் அப்படிச் சொல்லலாமா? எக்ரெமின் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. அவருக்கும் அதே தாய்ப்பால்தானே.

“என் வீட்டுல வந்து காறித் துப்பறியா? போறவன் போ! எவன் ஒன்னப் புடிச்சு வெச்சிருக்கான்?”

ருஸ்மிர் போனான். க்ரிவாயா ஆற்றுப் பாலத்தின் பாதியில்தான் பாதம் லேசாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்தான். எக்ரெம் வீட்டுக் கம்பளிச் செருப்பு. ஷூ அங்கே கிடக்கிறது. எதிரே சைக்கிளில் வந்த ஒருவன், “என்ன ருஸ்மிர், ஆஸ்பத்திரியிலேர்ந்து தப்பிச்சு வர்றியா?” என்றான். திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். செத்தாலும் போகமாட்டான்.

ஸும்ரா கதவைத் திறந்து முதலில் அவன் காலைத்தான் பார்த்தாள். முழுக் கதையும் கேட்டபின் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“அவரு போன் பேசிட்டு வந்து உக்கார்ற வரைக்கும் பொறுக்க முடியல ஒனக்கு. வாழ்க்க பூரா ஆஃப்சைடுதான்யா நீ! பந்து கெளம்பறதுக்கு முன்னாடியே ஓடிடற.”

“மூணாவது காப்பி ஸும்ரா. மூணாவது!”

“பத்தாவதா இருக்கட்டுமே. குடிச்சா என்ன? வாந்தியா வருது?”

இருட்டுவதற்குள் கதவு தட்டப்பட்டது. எல்மா நின்றிருந்தாள். கையில் ருஸ்மிரின் ஷூ, கண் இரண்டும் சிவந்திருந்தன. அவள் பேசிய பொஸ்னிய மொழியில் ஜெர்மன் வாடை அடித்தது.

“மாமா பேசவே மாட்டேங்கறாரு. அத்தை சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. நான் பொறந்து வளந்ததெல்லாம் ஆஸ்திரியாவுல, லின்ட்ஸ்ல. எங்க வீட்டுல காப்பிக்கு மெஷின்தான். மூணாவது காப்பிக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“அப்ப எதுக்கும்மா கொண்டுவந்த?” என்று கேட்டாள் ஸும்ரா.

எல்மா மூக்கை உறிஞ்சினாள். “எங்கப்பா இந்த ஊருதான். இவரு தலையால ஒரு கோல் போட்டாரே, அதப் பத்திப் பேசாத நாளே கெடையாது எங்க வீட்டுல. அந்த மனுஷர் நம்ம வீட்டுக்கே வந்திருக்காரேன்னு... இன்னும் ஒரு தடவ பக்கத்துல போய்ப் பாக்கலாம்னுதான் போட்டேன்.”

ருஸ்மிர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அத்தனை கிளப்களிலும் எவனெவனோ கொடுத்த காப்பியை இப்படித்தான் விரட்டு என்று நினைத்து ஓடிவந்தோமா என்ற கேள்வி வந்தது. அதை அவன் நிற்கவிடவில்லை. நடந்தான், சமையலறைக்கும் கூடத்துக்கும்.

எல்மா போகும்போது கம்பளிச் செருப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அது இருந்திருந்தால் திருப்பிக் கொடுக்கிற சாக்கிலாவது போயிருக்கலாம்.

“இப்பவே போ” என்றாள் ஸும்ரா. “தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லு. நாலு வார்த்தை. நாக்கு தேஞ்சிடாது.”

“அவன் வரட்டும்.”

“அவரு ஏன்யா வரணும்?”

“காப்பி அவன் வீட்டுக் காப்பிதானே!”

அதே நேரம் எக்ரெமும் தன் வீட்டில், “அவன் வரட்டும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு மணி நேரம் பார்த்தார். அப்புறம் கோபத்தோடு காப்பிக்கடைக்குப் போய், ஊரே கேட்க அர்மினைக் கூப்பிட்டு, பையன்களை அவனிடம் ஒப்படைத்துவிட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இங்கே ஆத்திரக்காரர்கள் இரண்டு பேர், புத்தி எங்கிருந்து வரும்?

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் சாதாரண மேட்ச் இல்லை. ஜெயித்தால் பையன்கள் அடுத்த வருஷம் மேல் லீக்கில் ஆடுவார்கள். இத்தனை வருஷமாக ருஸ்மிர் அந்த ஒரு நாளுக்காகத்தான் மழையில் நின்றான். மைதானத்துக்குப் போகக் கூடாது என்று காலையில் சபதம் போட்டான். வீட்டிலும் இருக்க முடியவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கிற அடுக்குமாடியின் நாலாவது மாடியில் ஸ்டிப்போ குடியிருக்கிறான், பழைய கோல்கீப்பர், ருஸ்மிரோடு ஆடியவன். அங்கே போய்ப் பால்கனியில் நின்றான். அது மைதானம் இல்லையே, சபதம் முறியவில்லை.

“உக்காருடா” என்று ஸ்டிப்போ நாற்காலியைத் தள்ளினான். “நான் கோலியா இருந்தப்பவும் நீ என் கண்ணுக்கு முன்னாடி இப்படித்தான் ஆடிக்கிட்டு நிப்ப. ஒரு பந்து சரியாத் தெரிஞ்சதில்ல.”

கீழே அர்மின் எல்லைக் கோட்டோரம் அமைதியாக நின்றிருந்தான். ருஸ்மிர் அவனைத் திட்டக் காரணம் தேடினான். கிடைக்கவில்லை. பையன்கள் நன்றாக ஆடினார்கள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு, ஃபார்வர்டு ஆடும் அய்தின் மூலையிலிருந்து வந்த பந்தைக் காலால் தட்டி வலைக்குள் போட்டான். ஒன்று, பூஜ்யம். ஊர் எழுந்து கத்தியது. ருஸ்மிரும் கத்தினான், கத்திவிட்டு அப்படியே நின்றான். தான் இல்லாமலே அடித்துவிட்டார்கள். பையன்கள் தோற்க வேண்டும் என்று ஓர் ஓரத்தில் ஆசைப்பட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

இரண்டாம் பாதியில் எதிரணி நெருக்கியது. அர்மின் கையைக் கீழே காட்டி அய்தினைப் பின்னால் வரச் சொன்னான், தடுப்பாட்டத்துக்கு ஆள் சேர்க்க. சரியான முடிவுதான். ஆனால் நாலாவது மாடியிலிருந்து பார்த்த ருஸ்மிருக்கு முன்னால் கிடந்த வெற்றிடம்தான் கண்ணில் பட்டது.

“அய்தின்! முன்னாடி போடா! ஓடு! ஓடு!”

அந்தக் குரலுக்குத்தான் பையனின் கால்கள் ஒன்பது வயதிலிருந்து பழகியிருந்தன. அய்தின் நின்றான், திரும்பினான், ஓடினான். அவன் விட்டுப்போன இடத்தின் வழியாக எதிரணிக்காரன் பந்தைக் கொண்டுபோனான். ஒன்று, ஒன்று.

மைதானம் அடங்கிப்போனது. அய்தின் நடுக்களத்தில் நின்று, இரண்டு கையையும் விரித்து, பால்கனியைப் பார்த்துக் கத்தினான்.

“கோச்! ஒண்ணு கீழ வாங்க, இல்ல வாய மூடுங்க!”

பார்வையாளர் மேடையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். யாரோ ஒருவன் சிரித்தான். ஸ்டிப்போ சிரிக்கவில்லை.

“மாதாவே! புள்ள சொல்றது சரிதான்டா” என்றான். “எனக்கும் இத்தன வருஷமா இதத்தான் ஒங்கிட்ட சொல்லணும்னு இருந்துச்சு.”

ருஸ்மிர் இறங்கினான். நாலு மாடி, கெட்டுப்போன முழங்கால். இறங்க இறங்க, வீட்டுக்கே போய்விடலாம், ஆஸ்திரியாவில் இருக்கிற பழைய நண்பனுக்குப் போன் போடலாம், பஸ் ஏறலாம் என்றெல்லாம் மனம் ஓடியது. தெருவில் வந்து நின்றான். வலது பக்கம் போனால் வீடு. இடது பக்கம் மைதான வாசல். அவன் வாழ்நாளில் முதல் தடவையாக, விட்டுவந்த இடத்தை நோக்கி நடந்தான்.

எக்ரெம் மேடையின் கீழ்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ருஸ்மிர் அவர் எதிரில் போய் நின்றான். சுற்றியிருந்தவர்கள் விதை மெல்லுவதை நிறுத்தினார்கள்.

“காப்பி விஷயம் எனக்குத் தெரியும்” என்றான்.

“எனக்கும் தெரியும். நேத்தே தெரியும்.”

“தெரிஞ்சும் நீ கூப்பிடல.”

“தெரிஞ்சும் நீ வரல.”

பந்து வெளியே போய், உள்ளே வந்தது.

“நேத்து எதுக்குக் கூப்பிட்டேன் தெரியுமா ஒனக்கு?” எக்ரெமின் குரல் உடைந்தது. “இந்தப் பசங்களுக்குப் பதினெட்டு ஆகற வரைக்கும் ஒன் கையிலயே விட்டுடறேன்னு சொல்லத்தான். அர்மினைக் கூட்டிவந்ததே ஒனக்கு ஒத்தாசைக்குத்தான்டா, கழுத! ஒனக்கு மொழங்கால் போச்சுன்னு.”

ருஸ்மிர் தன் முழங்காலைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். இத்தனை ஊரிலும், இத்தனை முதலாளிகளிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

“எனக்கு இங்கயே இருக்கணும் எக்ரெம். என்னை வெச்சுக்கோ.”

எக்ரெம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் முடியாது என்று தலையை ஆட்டினார். “ஊர் முன்னாடி அந்தப் பையனுக்கு வாக்குக் குடுத்துட்டேன். அவனுக்கும் மானம் இருக்கு. இனிமே அவன்தான் சொல்லணும். அவங்கிட்டக் கேளு.”

எல்லைக் கோட்டுக்கு அவ்வளவு தூரம் அவன் என்றும் நடந்ததில்லை. அர்மின் திரும்பிப் பார்த்தான். முகத்தில் பயமும் எரிச்சலும் சேர்ந்து இருந்தன.

“என்ன ருஸ்மிர் அண்ணே? இன்னும் என்ன பாக்கி?”

“தப்புப் பண்ணிட்டேன். கோல் என்னாலதான்.” வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. “ஒனக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணுமா?”

“நீங்களா? அண்ணே, நீங்க ஒரு எடத்துல உக்கார மாட்டீங்களே.”

“உக்காருவேன்.”

“கத்த மாட்டீங்களா?”

“மாட்டேன்.”

அர்மின் அவனை ஏற இறங்கப் பார்த்தான். மோவாயால் பெஞ்சுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த தண்ணீர் பாட்டில் பெட்டியைக் காட்டினான். ருஸ்மிர் அதில் உட்கார்ந்தான். ரெஃபரி பார்த்தும் பாராததுபோல் ஓடிவிட்டார். எதிரணிக் கோல் முன்னால் பந்து இரண்டு தடவை சும்மா உருண்டது. ருஸ்மிர் தன் சட்டைக் கையைப் பல்லால் கடித்துக்கொண்டான். கால் தரையைத் தட்டப் பார்த்தது, தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். எழுந்திருக்கவில்லை.

கடைசி விசில் ஊதியது. ஒன்று, ஒன்று. மேல் லீக் போய்விட்டது. பையன்கள் புல்லில் விழுந்து அழுதார்கள். அய்தின் மட்டும் நேராக அவனிடம் வந்தான், கன்னமெல்லாம் கண்ணீரும் மண்ணும்.

“ஒங்களாலதான் கோச்.”

“ஆமாண்டா. என்னாலதான்.”

அய்தின் புறங்கையால் மூக்கைத் துடைத்தான். “செவ்வாக்கிழம பயிற்சிக்கு வருவீங்களா, மாட்டீங்களா?”

ருஸ்மிர் நிமிர்ந்து அர்மினைப் பார்த்தான். அர்மின் கோன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான், முகத்தைத் திருப்பாமலே பேசினான்.

“அஞ்சு மணிக்கு வந்துடுங்க, அண்ணே. லேட் பண்ணாதீங்க.”

பையன்கள் அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“சரி கோச்” என்றான் ருஸ்மிர்.